பிரேசிலில் அரிது, சிலியில் அடிக்கடி: சில நிலப்பகுதிகள் ஏன் நடுங்குவதில்லை?

கேள்வி இதுதான்: ஜப்பான், இந்தோனேசியா, சிலி போன்ற நாடுகளில் நிலநடுக்கம் வாடிக்கையாகிவிட்டது. பிரேசில், பின்லாந்து, மேற்கு ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதி ஆகிய இடங்களிலோ ஒரு நடுக்கத்தைக்கூட உணராமல் முழு வாழ்க்கையையும் வாழ்ந்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

“தட்டுகளின் (பூமியின் மேற்பகுதி பிரிந்திருக்கும் பெரிய பாறைப் பாளங்களின்) விளிம்பில் வரும், நடுவில் வராது” என்று பள்ளியில் படித்தது தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி விஷயம் விடுபட்டுப்போகிறது. அமைதியான பகுதிகளின் பாறையிலும் பிளவுகள் ஏராளம். அங்கேயும் பாறை கடும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழுத்தம் கூடுகிற வேகம் மிகமிகக் குறைவு. பிளவு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்தப் பிளவின் மேல் ஆண்டுக்கு எவ்வளவு சுமை ஏறுகிறது என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

பிளவின் இரு பக்கத்துப் பாறையும் எதிரெதிராக நகரப் பார்க்கும். உராய்வு அவற்றைப் பிடித்து நிறுத்தும். நகர முடியாத பாறை கொஞ்சம் கொஞ்சமாக வளையும். உராய்வு தாங்காத நொடியில் பிளவு வழுக்க, வளைந்த பாறை நிமிரும். அந்த நிமிர்தலில் கிளம்பும் அலைகளையே நாம் நடுக்கமாக உணர்கிறோம். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு, ஹாரி ரீட் என்ற அமெரிக்க அறிவியலாளர் இதை நிறுவினார்.

7 அளவிலான ஒரு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 40, 50 கி.மீ. நீளமுள்ள பிளவு ஒன்றிரண்டு மீட்டர் வழுக்குகிறது. 2 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். அந்தப் பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்கு 20 மி.மீ. விலகப் பார்த்தால், 2 மீட்டர் சேர 100 ஆண்டுகள் போதும். ஆண்டுக்கு 0.01 மி.மீ. என்றால் 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். முதலாவது தட்டு விளிம்பின் நிலைமை, இரண்டாவது கண்டத்தின் உட்பகுதி. பாறையும் உராய்வும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். காத்திருக்கும் காலம்தான் 2,000 மடங்கு வேறுபடுகிறது. மனிதர்கள் எழுதிவைத்த வரலாறு சில ஆயிரம் ஆண்டுகளே என்பதால், இரண்டாவது வகைப் பிளவு நம் கண்ணுக்கு “நிலநடுக்கமே வராத இடம்” என்று தெரிகிறது.

சிலியும் பிரேசிலும் ஒரே தட்டின் மேல்தான் இருக்கின்றன. தென்னமெரிக்கத் தட்டின் மேற்கு விளிம்பில் சிலி. அங்கே பசிபிக் பெருங்கடலின் நாஸ்கா தட்டு ஆண்டுக்கு 6, 7 செ.மீ. வேகத்தில் கண்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டே போகிறது. கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியதான 9.5 அளவு நிலநடுக்கம் 1960இல் அங்கேதான் வந்தது. 2010இல் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது கான்செப்சியான் நகரம் சுமார் 3 மீட்டர் மேற்கே நகர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வளைந்திருந்த கண்டம் நிமிர்ந்ததன் அளவு அது.

பிரேசிலின் கிழக்கிலும் கடல்தான். ஆனால் அந்தக் கடற்கரை தட்டின் விளிம்பு இல்லை. பலரும் குழம்பும் இடம் இது. கண்டம் முடியும் இடமும் தட்டு முடியும் இடமும் வேறு வேறு. தென்னமெரிக்கத் தட்டு பிரேசில் கரையையும் தாண்டி, கடலடித் தரையாகத் தொடர்ந்து, அட்லாண்டிக்கின் நடுவே உள்ள கடலடி மலைத்தொடரில்தான் முடிகிறது. அங்கே தட்டுகள் விலகி, புதிய கடல்தரை பிறக்கிறது. அங்கே நடுக்கங்களும் உண்டு. ஆனால் அந்த இடத்தில் பூமியின் மேலோடு மெல்லியது, சூடானது, எளிதில் உடையக்கூடியது. பிரமாண்டமான நிலநடுக்கத்துக்கு வேண்டிய சுமையைச் சேர்த்துவைக்க அதனால் முடியாது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கும் வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் இதே விளக்கம்தான்.

தட்டு நகர்வதனால் மட்டும் நிலநடுக்கம் வந்துவிடாது என்பதற்கு ஆஸ்திரேலியாவே சான்று. அந்தக் கண்டம் ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வேகத்தில் வடகிழக்காக நகர்கிறது. கண்டங்களில் இது பெரிய வேகம். 1994ஆம் ஆண்டு நிலையை வைத்து வரைந்த வரைபட ஆயங்களுக்கும் 2020ஆம் ஆண்டு நிலைக்கும் இடையே 1.8 மீட்டர் வித்தியாசம் விழுந்துவிட்டதால், நாட்டின் ஆயத்தொலைவு முறையையே மாற்றவேண்டி வந்தது. ஆனாலும் உட்பகுதி பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது. ஓடும் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இடையே உள்ள தூரம் மாறாததுபோல, கண்டம் முழுவதும் ஒரே கட்டியாக நகர்கிறது. உள்ளுக்குள் எதுவும் நசுங்கவோ இழுபடவோ இல்லையென்றால் சுமை எங்கிருந்து வரும்?

இதை ஜி.பி.எஸ். நிலையங்கள் நேரடியாக அளக்கின்றன. கண்டத்தின் நிலையான உட்பகுதியில் 1,000 கி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு நிலையங்களுக்கு இடையிலான கிடைத்தூரம் ஆண்டுக்கு 1 மி.மீ. மாறினாலே அதிகம். தட்டு விளிம்பில் வெறும் 100 கி.மீ. இடைவெளியிலேயே ஆண்டுக்கு ஒரு செ.மீ. அல்லது அதற்கு மேல் மாற்றம் தெரியும்.

சரி, விளிம்பில் விழும் தள்ளுவிசை ஏன் உட்பகுதியையும் நசுக்குவதில்லை? இதற்கான விடை பாறையின் வெப்பத்தில் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

கண்டங்களின் நடுவே 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாறைத் திட்டுகள் உள்ளன. கனடாவின் சுப்பீரியர், தென்னாப்பிரிக்காவின் காப்வால், மேற்கு ஆப்பிரிக்கா, சைபீரியா, தென்னிந்தியாவின் தார்வார் எல்லாம் இந்த வகை. புவியியலில் இவற்றுக்குக் க்ரேட்டான் என்று பெயர். இவற்றின் அடியில் 200 கி.மீ. ஆழம் வரைகூடக் குளிர்ந்த, உறுதியான வேர் இறங்கியிருக்கிறது. பூமியின் உள்ளிருந்து இவற்றின் வழியே வெளியேறும் வெப்பம் சதுர மீட்டருக்கு 40 மில்லிவாட் அளவே. கண்டங்களின் சராசரி சுமார் 65. அதனால் 40 கி.மீ. ஆழத்தில்கூட க்ரேட்டானில் 400, 500 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். எரிமலைகளும் இளம் மலைகளும் உள்ள இடத்தில் அதே ஆழத்தில் 800 டிகிரியைத் தாண்டலாம். அவ்வளவு சூட்டில் பாறை திடமாக இருந்தபடியே மெல்ல இளகி நெளியத் தொடங்கும்.

விளிம்பிலிருந்து ஒரே தள்ளுவிசை வந்தாலும், முதலில் நெளிவது இளகிய பகுதிதான்; உறுதியான கட்டி அசையாமல் விசையை அடுத்த பக்கத்துக்குக் கடத்திவிடும். இந்தியத் தட்டு ஆசியாவை முட்டுவதால் இமயமும் திபெத்தும் நசுங்குகின்றன. அவற்றுக்கு வடக்கே உள்ள தாரிம் படுகை உறுதியான பழைய கட்டி. அதன் உட்பகுதி அதிகம் நெளிவதில்லை. ஆனால் அதையும் தாண்டி வடக்கே, மோதல் நடக்கும் இடத்திலிருந்து ஆயிரம் கி.மீ.க்கும் அப்பால் உள்ள தியான் ஷான் மலைத்தொடர் நசுங்கி உயர்ந்துகொண்டிருக்கிறது, பெரிய நிலநடுக்கங்களோடு. விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பார்த்தால் தியான் ஷானைவிடத் தாரிம் அல்லவா அதிகம் நடுங்க வேண்டும்! நடுவில் இருக்கிறோம் என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. குளிர்ந்த, தடித்த, பழைய நடுவாக இருக்க வேண்டும்.

பனியின் பாரமும் அமைதிக்கு ஒரு காரணம். கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் சில இடங்களில் 3 கி.மீ.க்கும் மேல் தடிமனான பனி நிலத்தை அமுக்குகிறது. மேலிருந்து விழும் அந்தப் பாரம் பிளவுகளை இறுக்கிப்பிடிப்பதால் அவை வழுக்குவது குறைகிறது. பனி போனபின் என்ன ஆகும் என்பதை வட ஸ்வீடன் காட்டுகிறது. கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில், அங்கே பேர்வி என்ற பிளவு சுமார் 150 கி.மீ. நீளத்துக்கு உடைந்து, 8 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்தது. இன்று ஐரோப்பாவின் மிக அமைதியான மூலைகளில் ஒன்று அது. ஆனால் சில இடங்களில் 10 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பிளவுச்சரிவு இன்றும் காட்டில் தெரிகிறது.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நடுக்கம் இல்லாத எல்லா இடங்களும் ஒரே காரணத்தால் அமைதியாக இல்லை. சுமையே ஏறாத அமைதியைத்தான் இதுவரை பார்த்தோம். பார்க்க அதேபோல இருக்கும் இன்னும் இரண்டு உண்டு.

ஒன்று, பிளவு விடாமல் மெல்ல நழுவிக்கொண்டே இருப்பது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில், சான் வான் பவுதிஸ்டாவுக்கும் பார்க்ஃபீல்டுக்கும் இடைப்பட்ட சுமார் 150 கி.மீ. துண்டு இந்த வகை. அங்கே சில இடங்களில் பிளவு ஆண்டுக்கு 25 மி.மீ.க்கும் மேல் சத்தமில்லாமல் நகர்வதால், சுமை சேர்வதே இல்லை. பக்கத்து நகரமான ஹாலிஸ்டரில் காலவேராஸ் என்ற இன்னொரு பிளவு இப்படி நழுவுகிறது. அது கடக்கும் தெருக்களில் நடைபாதை ஓரக்கற்கள் விலகியும் வீட்டு மதில்கள் வளைந்தும் நிற்பதைப் பார்க்கலாம்.

மற்றொன்று ஆபத்தானது: பிளவு முழுசாகப் பூட்டிக்கொண்டு, சுமை மட்டும் ஏறிக்கொண்டே இருப்பது. அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களை ஒட்டிய கடலடியில், கனடா வரை சுமார் 1,000 கி.மீ. நீளும் காஸ்கேடியா பிளவு இதற்கு உதாரணம். தட்டுகள் சந்திக்கும் அந்தப் பரப்பில் இன்று சிறு நடுக்கங்கள்கூட மிகக் குறைவு. பதிவான நிலநடுக்கங்களின் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் அதைப் பாதுகாப்பான இடம் என்றே முடிவுகட்டுவார். ஆனால் 1700 ஜனவரி 26 அன்று அது சுமார் 9 அளவில் உடைந்தது. தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அந்தச் சுனாமி பசிபிக்கைக் கடந்து ஜப்பானை அடைந்ததும், நிலநடுக்கம் உணரப்படாமலே வந்த அலை என்று அங்கே எழுதிவைக்கப்பட்டதும்தான். அமெரிக்கக் கரையில் ஒரேயடியாகத் தாழ்ந்து உப்புநீரில் மூழ்கி இறந்த செடார் மரங்களின் வளையங்களும் அதே காலத்தைக் காட்டின.

சுமை ஏறாத இடமா, பூட்டிக்கிடக்கும் இடமா என்பதை நிலநடுக்கப் பட்டியல் சொல்லாது, ஜி.பி.எஸ். சொல்லும். பூட்டிய பிளவின் அருகே நிலம் ஆண்டுதோறும் நெளிவது அளவையில் தெரிந்துவிடும்.

அடுத்தது, உண்மையிலேயே அமைதியான உட்பகுதியில் எப்போதாவது வரும் பெரிய நிலநடுக்கம். பாறை அங்கேயும் கடும் அழுத்தத்தில்தான் இருக்கிறது என்று முதலில் சொன்னேன். உடையும் எல்லைக்குப் பக்கத்தில் என்றே சொல்லலாம். ஜெர்மனியில் 9 கி.மீ.க்கு மேல் தோண்டிய கே.டி.பி. ஆழ்துளையில் 1994இல் சுமார் 200 கன மீட்டர் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான நுண்ணதிர்வுகள் வந்தன. நீரழுத்தம் இம்மியளவு கூடினாலே வழுக்கும் நிலையில்தான் அந்தப் பிளவுகள் காத்திருந்தன.

ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் 1988 ஜனவரி 22 அன்று, 12 மணி நேரத்துக்குள் 6க்கு மேற்பட்ட அளவில் மூன்று நிலநடுக்கங்கள் வந்தன. 30 கி.மீ.க்கும் அதிக நீளத்துக்கு நிலம் பிளந்து மேடாகியது. புதைத்திருந்த எரிவாயுக் குழாய் நெளிந்துபோனது. அதற்கு முன் அங்கே உயிர்ப்புள்ள பிளவு இருப்பதாக எந்த வரைபடமும் காட்டவில்லை. 1811, 1812 குளிர்காலத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதியான நியூ மாட்ரிட்டில் 7 முதல் 7.5 அளவு வரை மூன்று பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. 2001இல் குஜராத்தின் புஜ் பகுதியை அழித்ததும் கண்டத்துக்குள் வந்ததுதான். நியூ மாட்ரிட்டுக்கும் புஜ்ஜுக்கும் அடியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் பிளக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோன பழைய பள்ளத்தாக்குகள் புதைந்து கிடக்கின்றன. உட்பகுதியில் வரும் பெரிய நிலநடுக்கங்கள் பல இப்படிப்பட்ட பழைய தழும்புகளைத் தேடித்தான் வருகின்றன.

உட்பகுதியில் வரும்போது இரண்டு விதத்தில் பாதிப்பு கூடுகிறது. பழைய, குளிர்ந்த, விரிசல் குறைந்த பாறையில் அலைகள் சக்தி இழக்காமல் வெகுதூரம் போகும். 2011இல் வர்ஜீனியாவில் வந்தது 5.8 அளவுதான், 130 கி.மீ. தள்ளியிருந்த வாஷிங்டன் நினைவுத்தூணின் கற்கள் விரிசல்விட்டு, 2014 வரை அது மூடப்பட்டிருந்தது. இரண்டாவது, தயாரிப்பின்மை. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்த 6.2 அளவு நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் பத்தாயிரத்தை நெருங்கினார்கள். அப்போதைய வரைபடத்தில் அது மிகக் குறைந்த அபாய மண்டலம். மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்களும் அவற்றின் மேல் ஏற்றிய கனமான கூரையும், அதிகாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன.

மனிதச் செயலால் வரும் நடுக்கங்களுக்கும் அந்தக் கே.டி.பி. சோதனை சொல்லும் காரணமே போதும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2009க்கு முன் 3க்கு மேற்பட்ட அளவில் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் வரும். எண்ணெய்க் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்துப் பாறைக்குள் செலுத்தியதால், 2015இல் அது சுமார் 900 ஆனது. செலுத்தும் அளவைக் குறைத்தபின் நடுக்கங்களும் குறைந்தன. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை நீர்த்தேக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1967இல், 6.3 அளவு நிலநடுக்கம் வந்தது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் எரிவாயுவை எடுத்ததால் பாறை அமுங்கி, 2012இல் 3.6 அளவில் நடுங்கியது. அளவு சிறிதுதான், ஆனால் வெறும் 3 கி.மீ. ஆழம், மேலே இளகிய மண் என்பதால் பல வீடுகள் விரிசல்விட்டன.

“சின்னச் சின்ன நடுக்கம் வந்தால் நல்லது, பெரியது வராது” என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு ஒத்துவராது. ஓர் அளவு கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். 7 அளவுக்குரிய சக்தியை 4 அளவு நடுக்கங்களாகவே தீர்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 32,000 நடுக்கங்கள் வேண்டும். இயற்கையிலோ ஓர் அளவு குறைந்தால் எண்ணிக்கை சுமார் 10 மடங்குதான் கூடுகிறது. 7 அளவு ஒன்றுக்கு 4 அளவு ஆயிரம்தான் கிடைக்கும்.

உங்கள் இடம் எந்த வகை அமைதி என்று அறிய, முதலில் புவித்தட்டு வரைபடத்தில் விளிம்பு எங்கே என்று பாருங்கள். கடற்கரையை விளிம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு நிலநடுக்கப் பட்டியலைப் பாருங்கள். கூடவே அது எந்த ஆண்டு முதல், எந்த அளவுக்கு மேல் முழுமையானது என்பதையும் கவனியுங்கள். உலகம் தழுவிய நிலநடுக்கமானி வலையமைப்பு 1960களில்தான் வந்தது, அதுவும் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிப்பதற்காக. அதற்கு முன் பாலைவனத்திலும் காட்டிலும் வந்த 5 அளவு நடுக்கங்கள் பல எந்தப் பதிவிலும் இல்லை. அடுத்து ஜி.பி.எஸ். அளவைகள், பழைய நிலநடுக்கங்களின் தடயம் தேடிப் பிளவுகளில் பள்ளம் தோண்டிச் செய்த ஆய்வுகள். உட்பகுதியில் இன்று வரும் சிறு நடுக்கங்களை வைத்து அடுத்த பெரியது எங்கே என்று சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. விளிம்பில் பின்னதிர்வுகள் பத்தாண்டு அளவில் ஓயும். சுமை மெல்ல ஏறும் இடத்தில் அவை நூற்றாண்டுக்கணக்கில் நீளலாம். நியூ மாட்ரிட்டில் இன்று வருபவை 1812இன் பின்னதிர்வுகளாகவே இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மண்ணையும் பாருங்கள். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் வந்த 7.7 அளவு நிலநடுக்கத்தில், சுமார் 1,000 கி.மீ. தள்ளியிருந்த பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் இடிந்து விழுந்தது. அந்த நகரம் இருப்பது ஆழமான களிமண் படிவின் மேல். தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகளை அந்த மண் பெருக்கிக்காட்டும்.

கடைசியாக, அபாய வரைபடத்தில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது. வழக்கமான வரைபடம் 50 ஆண்டில் 10 சதவீத வாய்ப்புள்ள அதிர்வைக் காட்டும். அதாவது சராசரியாக 475 ஆண்டுக்கு ஒருமுறை. இன்னொரு வகை 50 ஆண்டில் 2 சதவீதம், அதாவது 2,475 ஆண்டு. நடுக்கம் மிகுந்த பகுதியில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் அதிர்வு ஒன்றரை மடங்கு அளவுக்கே கூடும். அமைதியான பகுதியில் அது இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வரைகூட எகிறும். எனவே அமைதியான பகுதியில் 475 ஆண்டு வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, அணை போன்றவற்றுக்கு 2,475 ஆண்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அமைதியான பகுதியில் எல்லா வீட்டையும் சிலி நாட்டு விதிப்படி கட்டச் சொல்வது செலவுக்குத் தகாது. கம்பியில்லாத கல், செங்கல் சுவர்களைத் தளத்தோடும் கூரையோடும் இணைத்துக் கட்டுவதும், சுவரைச் சுற்றிலும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை கொடுப்பதும், பிடிப்பில்லாமல் நிற்கும் கைப்பிடிச்சுவர்களையும் புகைபோக்கிகளையும் கட்டிவைப்பதும் அதிகச் செலவில்லாமல் முடியும்.